தூக்கிய கைகளுக்குக் கீழே

எனக்குக் கதைக்க வராது. நாலு பேர் கூடியிருக்கிற இடத்தில் யாராவது என் பெயரைச் சொன்னாலே எழும்பி வெளியே போய்விடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தும் பெரிதாக வராது. ஊரில் ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். பிழைகளை இந்த ஆண்டு மலரை அச்சுப் போடுகிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும்.

போன குளிர்காலம் தொடங்குகிற நேரம், நான் வேலை செய்த ஜேர்மன் பாராளுமன்றத்தில் இருந்து கூப்பிட்டார்கள். சபைக்குள் தண்ணீர் வைக்கவும் உறுப்பினர்களுக்குக் காகிதம் கொண்டு போகவும், கூட்டம் நடக்கிற கிழமைகளில் இப்போது பல்கலைக்கழகப் பிள்ளைகளையும் எடுக்கிறார்களாம். பென்சனுக்குப் போனவர்கள் வந்து அவர்களோடு கொஞ்சம் கதைக்க வேண்டுமாம். மாட்டேன் என்று சொல்லவும் எனக்கு வாய் வராது. போனேன்.

கேக்கும் கோப்பியும் வைத்திருந்தார்கள். பிள்ளைகள் கைத்தொலைபேசிகளை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு என்னையே பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி எசன் நகரத்தில் பிறந்து வளர்ந்த தமிழ்ப்பிள்ளை. அவள்தான் கேட்டாள்.

"அன்ரி, இவ்வளவு காலம் உள்ளுக்க நிண்டிருக்கிறீங்கள். உங்களால மறக்க ஏலாத விவாதம் எது?"

எல்லோரும் பெரிய பதில் ஒன்றை எதிர்பார்த்தார்கள். சண்டைக்குப் படை அனுப்பிய நாள், ஆட்சி மாறிய நாள் என்று ஏதாவது. நான் "எல்லாம் ஒரே மாதிரித்தான் பிள்ளை" என்று சொல்லிவிட்டுக் கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர்கள் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்கத் தொடங்கினார்கள்.

அந்தப் பிள்ளை கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். எசன் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவளாம், வாசிப்பாள்.

நான் எண்பதுகளில் அகதியாக வந்தவள். பொன் (Bonn) என்கிற பழைய தலைநகரத்தில் பாராளுமன்றம் இருந்த காலத்திலேயே அங்கே விறாந்தைகள் கூட்டித் துடைத்தேன். அது பேர்லினுக்கு இடம் மாறியபோது நானும் மாறினேன். புருசன் அதற்கு முன்பே செத்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. மாறுவதற்கு எனக்கு இரண்டு பெட்டிதான் இருந்தது.

பேர்லினில் ஒரு நாள் கழுவின கிளாஸ்களைத் தட்டில் அடுக்கி விறாந்தையால் கொண்டு போய்க்கொண்டிருந்தேன். எதிரே வந்த உயரமான மனிதர் ஒதுங்கி நின்று, நான் தாண்டிப் போகும்வரை என் சப்பாத்தையே பார்த்தார். அவர்தான் திரு. லோமான், இங்கத்தைய முறையில் ஹெர் லோமான், சபைச் சேவைக்குப் பொறுப்பானவர். "கிளாஸ்கள் ஒன்றோடொன்று கதைக்கவில்லை" என்றார். தட்டில் கிளாஸ்கள் முட்டிச் சத்தம் போடவில்லை என்பதைத்தான் சொன்னார், அப்போது எனக்கு விளங்கவில்லை. ஏதோ பிழை விட்டுவிட்டேன் என்று பயந்து மன்னிப்புக் கேட்டேன். இரண்டு கிழமைக்குப் பிறகு என்னைச் சபை வேலைக்குக் கேட்டு ஆள் வந்தது. அப்போது எனக்கு இந்த நாட்டுப் பிரசாவுரிமை கிடைத்திருந்தது. பரீட்சை ஒன்றும் இல்லை. நடக்கச் சொன்னார்கள், நடந்தேன்.

உடுப்புத் தந்தார்கள். கருநீலக் கோட்டு, முன்னுக்கு மினுங்குகிற பொத்தான், பின்னுக்கு வால் மாதிரி இரண்டு துண்டு தொங்கும். அதைப் போட்டுக்கொண்டு நின்றால் யாரும் முகத்தைப் பார்க்கமாட்டார்கள், கோட்டைத்தான் பார்ப்பார்கள். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

வேலை என்ன என்று கேட்டால், பேசுகிறவருக்குத் தண்ணீர் வைப்பது. சின்ன விசயம்தான். ஆனால் ஒருவர் பேசி இறங்கி அடுத்தவர் மேடைக்கு வருவதற்குள் பழைய கிளாசை எடுத்துப் புதியதை வைக்க வேண்டும். அந்த நேரம் சபை கைதட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்துக்குள் நுழைந்து, அது அடங்குவதற்குள் வெளியே வந்துவிட வேண்டும். நல்லாகப் பேசியவருக்குப் பின்னால் போவது லேசு. ஒருவரும் கைதட்டாதவருக்குப் பின்னால் போகும்போதுதான் சப்பாத்துச் சத்தம் சபை முழுக்கக் கேட்கும்.

கூட்டம் தொடங்க முன், காலமை, வெறும் சபையில் ஹெர் லோமான் எங்களுக்குப் பழக்கினார். அவரே மேடையில் ஏறி நிற்பார். சத்தம் இல்லாமல் வாயை மட்டும் அசைத்துப் பேசுவார், கையை வீசுவார், கோபப்படுவார், பிறகு தாளை மடித்துக்கொண்டு இறங்குவார். நான் கிளாசோடு போக வேண்டும். பிழைத்தால் ஏசமாட்டார். "இன்னொரு தரம், தயவுசெய்து" என்பார். மறுபடியும் ஏறி மறுபடியும் அதே பேச்சு. ஒரு நாள் துணிந்து கேட்டேன், நீங்கள் வாயசைத்து எதைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று. "வாகன வரி" என்றார். சிரிக்கவே இல்லை.

சபையில் கிட்டத்தட்ட எல்லோரையும் எனக்குத் தண்ணீரை வைத்துத்தான் தெரியும். டொச் என்கிற ஜேர்மன் மொழியில் அவர்கள் பேசிய பாதி எனக்கு விளங்காது. ஆனால் யார் கிளாசைத் தொடவே மாட்டார், யார் ஏறின உடனே பாதி குடிப்பார், யாருக்குக் கை நடுங்கும் என்று தெரியும். ஒரு பெண் உறுப்பினருக்குத் தொண்டையில் கோளாறு. குளிர்ந்த தண்ணீர் கூடாது, வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். அதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. அவ ஒரு தரம் குடித்துவிட்டுக் கண்ணைச் சுருக்கியதைப் பார்த்துவிட்டு அடுத்த தரம் மாற்றி வைத்தேன். அன்றைக்கு மேடையில் இருந்து இறங்கும்போது என்னைப் பார்த்துத் தலையாட்டினா. அதற்குப் பிறகு விறாந்தையில் கண்டால் "வணக்கம், ஃபிராவு மலர்" என்பா, திருமதி மலர் என்று. அந்தச் சபையில் என் பெயரைச் சொன்ன உறுப்பினர் அவ ஒருவர்தான்.

காகிதம் கொண்டு போவது மற்ற வேலை. மடித்துத் தருவார்கள், உரியவரின் கதிரைக்குக் கொண்டு போக வேண்டும். பிரித்துப் பார்ப்பது கிடையாது, நான் பார்த்தாலும் வாசிக்க மாட்டேன். ஒரு முறை நான் கொடுத்த காகிதத்தை வாசித்த வயதானவர் கதிரையின் கைப்பிடியைப் பிடித்தபடி எழும்ப முடியாமல் இருந்தார். அவருடைய மனைவி ஆஸ்பத்திரியில் இறந்துபோனதாகப் பிறகு சொன்னார்கள். நான் அழுதேன். தெரிந்திருந்தால் மெல்லமாகக் கொண்டு போயிருப்பேனே என்று ஹெர் லோமானிடம் சொன்னேன். "இல்லை. பிறப்பானாலும் இறப்பானாலும் ஒரே நடை. கொண்டு போகிறவரின் நடையில் இருந்து ஒருவர் செய்தியை அறியக்கூடாது" என்றார். பிறகு தன் லேஞ்சியை எடுத்து என்னிடம் தந்துவிட்டு, நான் முகம் துடைத்து முடியும்வரை மற்றப் பக்கம் திரும்பி நின்றார்.

இன்னும் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பக்கம் கூடப் பேர் என்று கையைப் பார்த்துத் தெரியாவிட்டால், எல்லோரையும் சபையை விட்டு வெளியே அனுப்பிக் கதவுகளைச் சாத்துவார்கள். பிறகு மூன்று கதவுகளைத் திறப்போம். ஆம் என்கிறவர்கள் ஒன்றால், இல்லை என்கிறவர்கள் ஒன்றால், இரண்டும் இல்லாதவர்கள் மற்றதால் உள்ளே வருவார்கள். வாசலில் நின்று ஒவ்வொருவராக எண்ணுவார்கள். நான் "இல்லை" கதவுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன். சந்தைக்குப் போகிறவர்கள் மாதிரிக் கதைத்துக்கொண்டு வருவார்கள்.

இதையெல்லாம் வீட்டில் ஜெயந்திக்குச் சொல்வேன். அவவுக்குத்தான் நான் வாய் திறந்து கதைத்திருக்கிறேன்.

ஜெயந்தி வன்னியில் இருந்து வந்தவ. கடைசிச் சண்டை முடிந்து கொஞ்சக் காலத்தால் அவவின் புருசனை ஒரு இரவு வீட்டில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். கொண்டு போனவர்களில் ஒருவனை அவவுக்குத் தெரியும். அவனுடைய பெயரைச் சொல்லி முறைப்பாடு கொடுத்தா. அதற்குப் பிறகு அவவைத் தேடி வரத் தொடங்கினார்கள். எப்படியோ ஜேர்மனிக்கு வந்து சேர்ந்தா. கோயிலில் அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டும்போது பழக்கமாகி, என் வீட்டுச் சின்ன அறையில் வந்து இருந்தா. என்னை விட இருபத்தைந்து வயது இளமை. ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவா. ஒரு உணவுக்கடையில் பாத்திரம் கழுவினா.

"நீங்கள் கிளாஸ் வைக்கிறீங்கள், நான் கிளாஸ் கழுவுறன். நாங்கள் ரெண்டு பேரும் நிண்டாலே ஒரு நாட்டை நடத்தலாம் அக்கா" என்பா. நான் வால்கோட்டோடு வீட்டுக்கு வந்த நாளில், "மேளக்காரர் வந்திட்டார், பொம்பிளையைக் கூப்பிடுங்கோ" என்று சமைத்துக்கொண்டிருந்த குசினியில் இருந்து சத்தம் போட்டா. அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அவவின் அகதி விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். விசாரணையில் நடந்ததை முன்னுக்குப் பின் மாற்றிச் சொல்லிவிட்டாவாம். மொழிபெயர்த்தவரின் முன்னால் அந்த இரவைச் சொல்ல வாய் வரவில்லை என்று எனக்குச் சொன்னா. வழக்குப் போட்டும் சரிவரவில்லை. நாட்டை விட்டுப் போக வேண்டும், ஆனால் இப்போதைக்கு அனுப்பவில்லை என்கிற 'டுல்டுங்' என்ற பத்திரத்தைக் கையில் கொடுத்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருக்கால் போய்ப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கப் போகிற நாளில் காலமை சாப்பிடமாட்டா.

கடைசி வழியாகச் சட்டத்தரணி பாராளுமன்றத்துக்கு ஒரு மனு எழுதினார். யாரும் அப்படி எழுதலாம், அதை ஆராய்வதற்கென்று ஒரு குழு இருக்கிறது. முடிவு வரும்வரை அனுப்பாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

ஜெயந்தி அன்றைக்கு வந்து என் கையைப் பிடித்தா. "அக்கா, நீங்கள் வேலை செய்யிற இடத்துக்குத்தான் என்ர விசயம் வருது."

"நான் அங்க தண்ணி வைக்கிறனான் பிள்ளை."

"நீங்கள் தண்ணி வைச்சுக் குடுக்கிற ஆக்களோட ஒரு சொல்லுச் சொல்லலாம்தானே. அந்தச் சுடுதண்ணி அம்மாவோட."

சபைச் சேவையில் இருக்கிறவர்கள் தங்கள் சொந்த விசயத்தை ஒரு உறுப்பினரிடமும் கொண்டு போகக்கூடாது. ஹெர் லோமான் முதல் நாளே சொன்ன விதி. விதி இல்லாவிட்டாலும் எனக்கு வாய் வராது. ஆனால் ஜெயந்தி விடவில்லை. சட்டத்தரணியைக் கொண்டு நாலு வசனம் எழுதுவித்துக்கொண்டு வந்தா. குசினியில் வைத்து எனக்குப் பழக்கினா. என் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கதிரையில் கால்மேல் கால் போட்டு அவதான் உறுப்பினர்.

"ஓம், சொல்லுங்கோ ஃபிராவு மலர்."

நான் முதல் வசனத்திலேயே நின்றுவிடுவேன்.

"முதல்ல தண்ணியை வையும். வெறுங்கையோட ஆரும் என்னட்ட வாறேல்லை."

ஒரு கிளாசில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய் வைத்தேன். குடித்துப் பார்த்துவிட்டு, "இது பச்சைத்தண்ணி. மனு தள்ளுபடி" என்றா. சிரித்துச் சிரித்து எனக்கு வசனம் நாலும் மறந்துபோனது. பிறகு திரும்பவும் தொடங்கினோம்.

ஒரு மத்தியானம் விறாந்தையில் அந்த அம்மா தனியாக வந்தபோது முன்னால் போய் நின்றேன். நாலு வசனத்தில் மூன்றைச் சொன்னேன். ஜெயந்தியின் முழுப்பெயரைச் சொன்னேன். அவ கேட்டுக்கொண்டு நின்றா. "நான் அந்தக் குழுவில் இல்லை. ஆனால் வாசிக்கிறேன்" என்றா. அது நல்ல பதில் என்று நினைத்தேன். கொஞ்ச நாள் கழித்து அதே விறாந்தையில் அவவாகவே நின்றா. "வாசித்தேன், ஃபிராவு மலர். குழு மனுவை ஏற்காமல் முடித்துக்கொள்ளும்படிதான் பரிந்துரைத்திருக்கிறது. எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது." அவவின் முகத்தில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. நான் நன்றி சொன்னேன்.

சட்டத்தரணிக்கும் அதே செய்தி வந்தது. அவர் ஒளிக்காமல் ஜெயந்திக்கு எடுத்துச் சொன்னார். நானும் சொன்னேன். ஜெயந்தி பிடியை விடவில்லை.

"அது குழுதானே அக்கா. ஒரு அறைக்குள்ள இருக்கிற ஆக்கள். அதுக்கு மேல சபை இருக்குத்தானே. நீங்கள்தானே சொன்னனீங்கள், எல்லாம் கடைசியில சபைக்குத்தான் வரும் எண்டு."

"வரும். ஆனா கன மனுக்களை ஒண்டாச் சேர்த்து ஒரு இலக்கம் போட்டுத்தான் வரும். உன்ர பேரை வாசிக்க மாட்டினம். ஆரும் பேச மாட்டினம்."

"அப்ப என்ன செய்வினம்? கதவால போவினமோ?"

"இல்லை. கை தூக்குவினம்."

"எத்தினை பேர் தூக்கினால் காணும்?"

"கூடப் பேர் தூக்கினால் அது வெண்டது."

"சரி. அப்ப நான் கையைப் பாக்கிறன்" என்றா.

மனு சபைக்கு வருகிற நாளில் பார்வையாளர் கலரிக்குப் பதிந்துகொண்டு வந்தா. டுல்டுங் பத்திரத்தோடு விடுவார்களோ என்று பயந்தா. வாசலில் புரட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். நீதிமன்றத்தில் தான் இல்லாத இடத்தில் தீர்ப்பு வந்தது, இந்த முறை அப்படி வேண்டாம் என்றா. கோயிலுக்கு உடுக்கிற மயில்பச்சைச் சேலையை உடுத்துக்கொண்டு, அதற்கு மேல் குளிர்கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தா.

சபையில் நிற்கும்போது கலரியை நிமிர்ந்து பார்க்கக்கூடாது. அன்றைக்குப் பார்த்தேன். முதல் வரிசையில் பச்சை தெரிந்தது. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு நேராக இருந்தா. யாரும் ஏதும் கேட்டால் எழும்பிப் பதில் சொல்லத் தயாரானவ மாதிரி.

பெரிய விவாதம் ஒன்று முடிந்த நேரம். கதிரைகள் நிறைந்திருந்தன. உறுப்பினர்கள் தங்களுக்குள் கதைத்துக்கொண்டிருந்தார்கள். பேச்சில்லாமல் முடிக்கிற விசயங்களைச் சபாநாயகர் வாசிக்கத் தொடங்கினார். எனக்குச் சட்டத்தரணி சொன்ன இலக்கம் தெரியும். இலக்கங்கள் எனக்கு விளங்கும். அடுத்த பேச்சாளருக்கு உரிய கிளாஸ் என் கையில் இருந்தது.

இலக்கத்தை வாசித்தார். குழுவின் பரிந்துரைக்கு ஆதரவு யார் என்று கேட்டார்.

கைகள் எழும்பின. நடுப்பக்கம் முழுவதும், வலப்பக்கம் முழுவதும். பக்கத்தில் இருந்தவரோடு கதைத்துக்கொண்டே தூக்கினார்கள். சிலர் தொலைபேசியைப் பார்த்தபடி தூக்கினார்கள். வெதுவெதுப்புத் தண்ணீர் அம்மா முழங்கையை மேசையில் ஊன்றியபடி கொஞ்சமாகத் தூக்கினா. அவ தன் தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தா. எதிர்ப்பு யார் என்று கேட்டபோது ஒரு ஓரத்தில் இருந்த கொஞ்சப் பேர் தூக்கினார்கள். அவ்வளவுதான். பரிந்துரை ஏற்றுக்கொள்ளப்பட்டது. அடுத்த இலக்கம்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். ஜெயந்தி எழும்பி நின்றுகொண்டிருந்தா. முகம் முழுவதும் சிரிப்பும் கண்ணீருமாக இருந்தது. கைகளைத் தலைக்கு மேலே கூப்பிச் சபையை நோக்கிக் கும்பிட்டுக்கொண்டிருந்தா. நடுப்பக்கத்தைக் கும்பிட்டா, வலப்பக்கம் திரும்பி அவர்களையும் கும்பிட்டா. கலரியில் நின்றவர் வந்து, எழும்பக்கூடாது என்று கையால் காட்டி இருத்தினார். அதற்கும் தலையாட்டிச் சிரித்தா.

அந்தக் கைகள் எதற்குத் தூக்கப்பட்டன என்று அவவுக்கு விளங்கவில்லை. மனுவை முடித்துவிடலாம் என்பதற்குத்தான் ஆதரவு கேட்டார்கள். அவவோ கூடப் பேர் தூக்கினால் வென்றது என்று பார்த்துக்கொண்டிருந்தா.

பேச்சில்லாத விசயங்கள் முடிந்து அடுத்த பேச்சாளர் மேடைக்கு வந்துவிட்டார். பழைய கிளாஸ் அங்கேயே இருந்தது. புதிய கிளாஸ் என் கையில் இருந்தது. என்னால் கால் எடுத்து வைக்க முடியவில்லை. ஹெர் லோமான் பக்கவாட்டில் இருந்து வந்தார். என் விரல்களை ஒவ்வொன்றாகத் தளர்த்திக் கிளாசை எடுத்தார். பழக்கிய நாட்களில் எங்களுக்குக் காட்டிய அதே நடையில் போய் வைத்துவிட்டு வந்தார். "வீட்டுக்குப் போங்கள். மிச்சத்தை நான் பார்க்கிறேன்" என்றார். ஏன் என்று கேட்கவில்லை. அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

வெளியே புல்வெளிக்குப் பக்கத்தில் ஜெயந்தி காத்துக்கொண்டு நின்றா. குளிர்கோட்டைப் பூட்டாமல், சேலை காற்றில் பறக்க நின்றா. ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்தா.

"கண்டனீங்களோ அக்கா? எவ்வளவு கை. எண்ண ஏலாமப் போச்சு."

அவவின் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருந்த, ஆட்கள் இருக்கிற வாங்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

"அந்த ஓரத்தில இருந்த கொஞ்சப் பேர்தான் எனக்கு எதிர். அதுகளை விடுங்கோ. அவைக்கு என்ன கோவமோ."

"ஜெயந்தி, இதில இரு."

"இருக்க ஏலாது அக்கா, எனக்குக் கால் நிக்குதில்லை."

"இரு பிள்ளை."

அந்தக் குளிர்ந்த வாங்கில் இருத்தி அவவுக்குச் சொன்னேன். இருக்கிற எல்லா வார்த்தைகளையும் தேடித்தான் சொன்னேன், ஆனால் வந்தது மூன்று வசனம்தான். அவ என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு கேட்டா.

"சுடுதண்ணி அம்மாவுமோ?"

"ஓம்."

குளிர்கோட்டின் பொத்தான்களைக் கீழே இருந்து மேலே ஒவ்வொன்றாகப் பூட்டினா. வீட்டுக்கு வந்து அரிசி களைந்து உலை வைத்தா. இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

அடுத்த நாள் நான் வேலைக்குப் போனேன். அந்த அம்மாவுக்கு அன்றும் ஒரு பேச்சு இருந்தது. வெதுவெதுப்பான தண்ணீர் வைத்தேன். வேறு என்ன செய்வது? குளிர்ந்த தண்ணீர் வைப்பதா? இறங்கும்போது அவ என்னைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு விறாந்தையில் என் பெயரைச் சொல்வதையும் விட்டுவிட்டா. கெட்ட மனுசி என்று நான் சொல்ல வரவில்லை. கெட்டவவாக இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

கொஞ்ச நாளில் ஒரு விடியற்காலை அவவை நாட்டை விட்டு அனுப்பப் பொலிஸ்காரர் வந்தார்கள். மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். சாமான் அடுக்க நேரம் கொடுத்தார்கள். ஒருவர் பெட்டியைத் தானே தூக்கிப் படியால் இறக்கினார். ஜெயந்தி என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. "அடுப்பில பால் வைச்சிருக்கிறன் அக்கா, பொங்கப்போகுது" என்றா. நான் அடுப்பை நிற்பாட்டிவிட்டுத் திரும்பி வரும்போது வாசலில் ஒருவரும் இல்லை.

அதற்குப் பிறகும் கொஞ்சக் காலம் வேலை செய்தேன். காலமையில் வெறும் சபைக்குள் போகும்போது கதிரைகளைப் பார்ப்பேன். அந்தக் கதிரைகளில் இருந்தவர்கள் அன்றைக்குத் தாங்கள் என்ன செய்தோம் என்று அறியமாட்டார்கள். ஒரு இலக்கத்துக்குக் கை தூக்கினார்கள். அதே நாளில் இன்னும் எத்தனையோ இலக்கங்கள். அவர்களில் யாரையும் நிறுத்திக் கேட்டால், எது என்று திரும்ப என்னைத்தான் கேட்பார்கள். கோபப்படக்கூட எனக்கு ஒரு முகம் கிடைக்கவில்லை.

பென்சனுக்குப் போகிற நாளில் சின்னக் கூட்டம் வைத்தார்கள். கடைசித் துண்டுக் கேக் எனக்குத்தான் என்று யாரோ பகிடியாக முன்மொழிந்தார்கள். "ஆதரவு யார்?" என்று இன்னொருவர் சபாநாயகரின் குரலில் கேட்டார். எல்லோரும் சிரித்துக்கொண்டு கை தூக்கினார்கள். ஹெர் லோமான் மட்டும் தூக்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார், பிறகு கேக்கைக் காகிதத்தில் சுற்றி என் பைக்குள் வைத்தார். வீட்டில் அது மேசையில் இருந்து காய்ந்துபோனது.

ஜெயந்தி போன பிறகு இரண்டு தரம் எனக்குத் தொலைபேசி எடுத்தா. முதல் தரம் கொழும்பில் இறங்கிவிட்டேன் என்று மட்டும் சொன்னா. இரண்டாம் தரம் யாரோ தெரிந்தவர் வீட்டில் இருந்து எடுத்தா. அங்கேயும் ஒருவன் வந்து விசாரித்துவிட்டுப் போனானாம். வேறு இடத்துக்கு மாறப்போவதாகச் சொன்னா. எந்த இடம் என்று கேட்டேன், தொலைபேசியில் வேண்டாம் என்றா. பின்னால் கேட்டுக்கொண்டிருந்த வாகனச் சத்தம் நின்றது. வைத்துவிட்டாவோ என்று நினைத்தேன்.

"அக்கா."

"ஓம், சொல்லு."

"அந்த ஓரத்தில இருந்த கொஞ்சப் பேர்தானே எனக்காகக் கை தூக்கினவை?"

"ஓம் பிள்ளை."

"நான் மற்றப் பக்கம் எல்லாம் கும்பிட்டனான். அவையின்ர பக்கம் திரும்பவே இல்லை."

"அவை அதைக் காணேல்லை ஜெயந்தி. மேல ஒருத்தரும் பாக்கிறேல்லை."

"நீங்கள் கண்டனீங்கள்தானே" என்றா.

அவ கடைசியாக எடுத்த அந்தத் தொலைபேசி இலக்கத்துக்கு நான் இப்போதும் எடுத்துப் பார்க்கிறேன். முதலில் மணி அடித்தது, ஒருவரும் எடுக்கவில்லை. இப்போது மணியும் அடிப்பதில்லை.